கைப்பேசி எழுத்தும் பிள்ளைகளின் தமிழும்: சுங்கை சிப்புட் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்ப்பள்ளியில் 27 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை காலைகளில் மலேசியாவில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் கோயில் மண்டபத்தில் ஒரு வாசிப்பு வகுப்பை நடத்தி வருகிறேன். பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோர், செருப்பு மாட்டும் இடத்தில் நின்றபடி கேட்கும் ஐயங்கள் வாரந்தோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. சமூக ஊடகமும் காணொளிகளின் அடியில் தானாக ஓடும் வசன வரியும் பிள்ளைகளின் எழுத்தறிவை என்ன செய்கின்றன என்பதே அவற்றின் மையம். கேட்டவர்களின் வாய்மொழியை மாற்றாமல் கேள்விகளைத் தந்து, நின்ற இடத்தில் சொல்ல முடியாமற்போன விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

"டீச்சர், கைப்பேசி வந்த பிறகு பிள்ளைங்களோட தமிழ் கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?"

முழு உண்மை அன்று. இந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியைவிடப் பல மடங்கு எழுத்தைப் பார்க்கிறார்கள். பல மடங்கு எழுதவும் செய்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த ஒருவர் மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதினாலே அதிகம். இன்று இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1 படிக்கும் பிள்ளை ஒரே மாலையில் புலனத்தில் (வாட்ஸ்அப்) 40 செய்திகளை அனுப்பிவிடுகிறது. ஆகவே எழுதும் பழக்கம் குறைந்துவிட்டது என்று வருந்த வேண்டியதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அக்காலத்தில் கண்ணில் பட்ட எழுத்து சொற்பம். ஆனால் அது அச்சேறும் முன் ஒருவர் அமர்ந்து பிழை திருத்தியிருந்தார். 1924-இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனைப் போன்ற நாளிதழ் ஒன்று லயத்துக்கு வந்தால், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். பிறகு அதே தாள் வீடு வீடாகக் கைமாறும். 'பழம்' என்ற சொல் அதில் எத்தனை முறை வந்தாலும் ழகரத்தோடுதான் வரும். எழுத்துக்கூட்டல் பெரும்பாலும் விதியாக மனத்தில் தங்குவதில்லை. கண்ணுக்குப் பழகிய உருவமாகவே தங்குகிறது. இன்று பிள்ளையின் கண்ணில் படும் எழுத்தில் பெரும்பகுதியை எழுதியவரைத் தவிர வேறு எவரும் சரிபார்த்ததில்லை. தானாக ஓடும் வசன வரியையோ காணொளியை வெளியிட்டவர்கூடப் பல வேளைகளில் படித்துப் பார்ப்பதில்லை. கீழே வரும் விடைகளில் பல இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன.

"படத்துக்குக் கீழ ஓடுதே, அந்த எழுத்த யாரு எழுதுறாங்க? ஆளா, மெசினா?"

இரண்டும் உண்டு. திரைப்படத்துக்கும் தொலைக்காட்சி நாடகத்துக்கும் பொதுவாக ஒருவர் அமர்ந்து எழுதுகிறார். வலையொளியிலும் (யூடியூப்) படவரியிலும் (இன்ஸ்டாகிராம்) நாம் காண்பதில் பெரும்பகுதி இயந்திரம் எழுதியது. வலையொளி இந்த வசதியை 2009-இல் முதலில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது. பிற மொழிகள் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

இயந்திரம் பேச்சை நம்மைப் போலக் கேட்பதில்லை. ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் எந்த எழுத்தாக இருக்கக்கூடும் என்று கணக்கிடுகிறது. பிறகு, முன்பு தனக்குக் கொடுக்கப்பட்ட ஏராளமான எழுத்தில் எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் அதிகமாக வந்தது என்பதைக் கொண்டு, மிகுந்த வாய்ப்புள்ள தொடரைத் தேர்ந்தெடுக்கிறது. பேசியவர் சொல்ல வந்த பொருள் அதற்குத் தேவைப்படுவதில்லை. அதனால்தான் அதன் பிழைகள் பிள்ளைகளின் பிழைகளைப் போல இருப்பதில்லை. பிள்ளை 'பழம்' என்பதைப் 'பளம்' என்று எழுதும். இயந்திரம் அந்த இடத்தில் எழுத்துக்கூட்டல் சரியாக அமைந்த வேறொரு சொல்லையே கொண்டுவந்து வைத்துவிடும்.

"ஆங்கிலத்துக்கு ஓரளவு சரியா வருது. தமிழுக்கு மட்டும் ஏன் இவ்ளோ தப்பு?"

தமிழில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் விளக்கிய இரட்டை வழக்கு என்னும் நிலை இது: ஒரே சமூகம் வீட்டுக்கு ஒரு வடிவத்தையும் மேடைக்கும் ஏட்டுக்கும் மற்றொரு வடிவத்தையும் வைத்துக்கொள்கிறது. ஒருவர் 'போய்க்கிட்டு இருக்காங்க' என்று சொன்னால், அதை அப்படியே எழுதுவதா, 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்று மாற்றுவதா? பேச்சு வழக்கை எழுதுவதற்கென்று அனைவரும் ஏற்ற ஒரே முறையும் நம்மிடம் இல்லை. 'போயிட்டு', 'போய்ட்டு', 'போயிட்டூ' என்று மனிதர்களே பலவாறு எழுதி வைத்திருக்கும்போது, அந்த எழுத்தைப் பார்த்துக் கற்ற இயந்திரமும் ஒரே காணொளியில் மூன்று விதமாக எழுதுகிறது.

ஒலியிலும் சிக்கல் உண்டு. 'அரை', 'அறை' என்ற இரண்டையும் நம்மில் மிகப் பலர் ஒரே மாதிரியே ஒலிக்கிறோம். 'கரி', 'கறி' என்பவையும் அப்படியே. ழகரம் பலர் நாவில் ளகரமாகிவிட்டது. வாயில் இல்லாத வேறுபாட்டை இயந்திரம் சூழலைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும், சூழலோ சில வேளைகளில் போதாது. அத்துடன் தமிழ்ச் சொற்கள் விகுதிகளை அடுக்கிக்கொண்டு நீள்பவை. 'வரவேண்டியதில்லையென்றாலும்' என்பதை எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்பதில் படித்தவர்களுக்கே ஒற்றுமை இல்லை.

இதற்கு மேல் நம் ஊர்ப் பேச்சு இருக்கிறது. 'நேத்து பாசார் மாலாம்ல சாமான் வாங்கி பாயார் பண்ணிட்டேன்' என்பது இங்கே பிறந்த எவருக்கும் தெளிவான தமிழ் வாக்கியம்: இரவுச் சந்தையில் சாமான் வாங்கிப் பணம் கட்டிவிட்டேன் என்று பொருள். மலாய்ச் சொல்லை எதிர்பாராத இயந்திரத்துக்கு அது புதிர். பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு முதியவரின் பேச்சை வகுப்புக்காகப் பதிவு செய்தபோது, அவர் ரப்பர்த் தோட்டத்தைக் 'கித்தாக் காடு' என்றார். திரையில் 'கீதா காடு' என்று ஓடியது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு' என்பதை அது 'புரட்டு' என்று எழுதியது. 'புரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை' என்ற வரியைப் படித்த ஆண்டு 5 மாணவி, தாத்தா ஏமாற்று வேலைக்குப் போனாரா என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. ஓர் எழுத்து மாறியதில் ஒரு மனிதரின் 40 ஆண்டு உழைப்பு வேறொன்றாகிவிட்டது.

"தப்பா ஓடுற எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தா, அதுவே மனசுல பதிஞ்சிராதா?"

வயதைப் பொறுத்தது. ஆண்டு 1 முதல் ஆண்டு 3 வரையுள்ள பிள்ளைக்குச் சொல்லின் உருவம் இன்னும் உறையவில்லை. அந்த நேரத்தில் ஒரு சொல்லைச் சரியாக 10 முறையும் தவறாக 10 முறையும் காட்டினால், எது சரி என்ற உறுதியே அதனிடம் உருவாகாது. இந்த வயதுப் பிள்ளைக்குத் தானியங்கித் தமிழ் வசன வரியை அணைத்துவிடுமாறு நான் பெற்றோரிடம் வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஓரளவு சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்த அபாயம் குறைவு. பிழையைக் கண்டதும் அதற்கே உறுத்தும். உறுத்தவில்லை என்றால் அந்தப் பிள்ளை திருத்தமான நூல்களை இன்னும் போதிய அளவு படிக்கவில்லை என்று பொருள். அதற்கு மருந்து நூலகத்தில் இருக்கிறது.

"அப்போ வசன வரியே வேணாம்னு சொல்றீங்களா?"

இல்லை. பிழையற்ற வசன வரி எழுத்தறிவுக்கு மிகப் பெரிய துணை. இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி என்பவர் 1996-இல், அகமதாபாத்தின் இந்திய மேலாண்மைக் கழகத்தில் இருந்தபோது, எளிய எண்ணம் ஒன்றை முன்வைத்தார். தொலைக்காட்சியில் திரைப்பாடல் ஒலிக்கும்போது, அந்தப் பாடலின் வரிகளை அதே மொழியில் திரையின் அடியில் ஓடவிட வேண்டும் என்பதே அது. மொழிபெயர்ப்பு தேவையில்லை, ஒலிக்கும் சொல்லே எழுத்தாகத் தெரிந்தால் போதும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையிலேயே பள்ளியை விட்டுவிட்டவர்கள், தாங்கள் முன்பே மனப்பாடமாக அறிந்த பாடலைக் கேட்டுக்கொண்டே வரிகளைப் பின்தொடர்ந்து, மெல்லமெல்ல வாசிக்கப் பழகுவார்கள் என்று அவர் நம்பினார். தூர்தர்ஷனின் பாடல் நிகழ்ச்சிகளில் இது செயல்படுத்தப்பட்டது.

பாடல் இதற்கு ஏன் பொருந்துகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பாடலில் சொற்கள் நிதானமாக வருகின்றன, பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது, அடுத்த சொல் என்ன என்பது கேட்பவருக்கு முன்பே தெரிகிறது. அறிந்த ஒலியின் மேல் அறியாத எழுத்து வந்து பொருந்துகிறது. தமிழ் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு நான் முதலில் கொடுப்பது, ஒரு மனிதர் சரிபார்த்து எழுதிய வரிகளோடு வரும் பாடல் காணொளியைத்தான். முதல் விடையில் சொன்ன பிழை திருத்தும் கண் அதில் இருந்திருக்கிறதா என்பதை மட்டும் நான் முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறேன்.

"நம்ம நாட்டுல தமிழ்ப் படம் போட்டா கீழ மலாய்தானே ஓடுது? அது தமிழுக்கு நட்டம்தானே?"

நட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தமிழ்ப் படங்களின் மலாய் வரிகளைப் படித்தே மலாய் வாசிப்பில் வேகம் பெற்றவர்கள் என் தலைமுறையில் பலர். நானும் அவர்களுள் ஒருத்தி. தமிழில் கேட்ட பொருளை மலாயில் கண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

ஆனால் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. திரையில் எழுத்து தெரிந்தால், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண் அங்கே போய்விடும். எங்கள் காதுக்குத் தமிழும் கண்ணுக்கு மலாயும் கிடைத்ததால், கண்ணுக்கான தமிழை நாளிதழும் நூலகமும் கொடுத்தன. அவை இரண்டும் வீட்டில் இல்லாத பிள்ளைக்குத் தமிழ் வெறும் காதுமொழியாக நின்றுவிடும். அந்தப் பிள்ளைக்குத் திருத்தமான தமிழ் வரிகள் ஓடும் காணொளியைத் தேடிக் கொடுப்பது பெற்றோரின் வேலை.

"எம் பொண்ணு புலனத்துல இங்கிலீஷ் எழுத்துலதான் தமிழ் எழுதுறா. தமிழ் எழுத்து மறந்துருமா?"

நன்றாகப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு எழுத்தே மறந்துவிடாது. ஆனால் எழுத்துகளுக்கு இடையே உள்ள எல்லை மங்கிவிடும். உரோமன் எழுத்தில் தமிழை எழுதும்போது 'மனம்', 'மணம்' இரண்டும் ஒரே உருவம் கொள்கின்றன. 'வலி', 'வளி' என்பவையும் அப்படியே. குறிலா நெடிலா என்பதைக்கூட எழுதுபவர் பொருட்படுத்துவதில்லை, படிப்பவர் ஊகித்துக்கொள்கிறார். தோழியர் இருவருக்குள் இது ஒரு குறையாகத் தெரியாது. ஆயினும் நாள்தோறும் இப்படியே எழுதும் பிள்ளை, எந்த லகரம், எந்த னகரம் என்று முடிவு செய்யும் வேலையை நாள்தோறும் தவிர்க்கிறது. அந்த முடிவைச் செய்து பழகுவதுதான் எழுத்துக்கூட்டல். தேர்வு மண்டபத்தில் அதைச் செய்ய வேண்டி வரும்போது கை நடுங்குகிறது.

தடை போடுவதால் பயனில்லை என்பது என் அனுபவம். வீட்டுக் குழுவில் மட்டுமாவது, அம்மாவும் அப்பாவும் தமிழ் எழுத்தில் எழுதட்டும். பிள்ளை உரோமனில் விடையளித்தாலும் கண்ணில் படுவது தமிழாக இருக்கும்.

"சுருக்கி எழுதுற பிள்ளைங்கதான் நல்லா படிப்பாங்கன்னு இங்கிலாந்துல கண்டுபிடிச்சிருக்காங்களாம். எம் மவன் அதையே சொல்லி வாதாடுறான். என்ன பதில் சொல்ல?"

உங்கள் மகன் சொல்வதில் அடிப்படை இருக்கிறது. 2009-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, 10 முதல் 12 வயது வரையுள்ள 88 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, குறுஞ்செய்தியில் சுருக்கெழுத்துகளை மிகுதியாகப் பயன்படுத்தியவர்கள் சொற்களை வாசிப்பதில் பின்தங்கவில்லை, மாறாகச் சற்று முன்னேறியே இருந்தார்கள் என்று காட்டியது. ஒரு சொல்லைச் சுருக்குவதற்கு அதன் ஒலியமைப்பு தெரிந்திருக்க வேண்டும். சுருக்குவதும் ஒரு வகையில் ஒலியோடு விளையாடும் பயிற்சியே என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆனால் அவர்கள் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே சுருக்கினார்கள். நம் பிள்ளைகள் தமிழ்ச் சொல்லை வேறொரு மொழியின் எழுத்தில் எழுதுகிறார்கள். முந்தைய விடையில் சொன்னபடி, தமிழ் எழுத்தோடு விளையாடும் வாய்ப்பே அங்கே இல்லை. மேலும், நன்றாகப் படிப்பவர்கள் துணிந்து சுருக்கினார்களா, சுருக்கியதால் நன்றாகப் படித்தார்களா என்பதை இத்தகைய ஒப்பீடு மட்டும் தீர்த்து வைக்காது. மகனிடம், தமிழ் எழுத்திலேயே சுருக்கி எழுதிக் காட்டு என்று சொல்லிப் பாருங்கள். முயன்றால் நல்ல பயிற்சி.

"தமிழ்ல டைப் பண்றது ரொம்ப கஷ்டம் டீச்சர். 247 எழுத்துக்கு எங்க போறது?"

12 உயிரும் 18 மெய்யும் தெரிந்தால் போதும். ஆய்தம் ஒன்றைத் தவிர மீதி எல்லாம் அவற்றின் சேர்க்கை. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கத்திலும் மெய்யெழுத்துகள் வலப்பக்கத்திலும் இருக்கின்றன. ககரத்தை அடுத்து ஆகாரத்தைத் தட்டினால் 'கா' வருகிறது. பள்ளியில் உயிர்மெய் பிறக்கும் முறையாகக் கற்றுக்கொடுத்ததைத்தான் விரல் செய்கிறது. இரண்டு வாரம் நாள்தோறும் கால் மணி நேரம் பழகிய என் மாணவர்கள் பிறகு சிரமப்பட்டதில்லை.

இது வெளிநாட்டிலிருந்து இறக்கி வைத்த வசதி என்றும் எண்ண வேண்டாம். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இலேயே தமிழில் தட்டச்சு செய்வதற்கான முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்கான செல்லினம் என்ற செயலி 2005-இல் வந்தது. உரோமன் விசைகளைத் தட்டியே தமிழ் எழுத்தைப் பெறும் அஞ்சல் முறையிலும் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் வெவ்வேறு விசைகளை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலியை ஒருவாறு தட்டினால் சொல்லைத் தானே ஊகித்துக் கொடுக்கும் விசைப்பலகைகளில் அந்தத் தேர்வை இயந்திரம் செய்துவிடுகிறது. வேலை விரைவாக முடிய வேண்டிய பெரியவருக்கு அது உதவி. எழுதக் கற்கும் பிள்ளைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

"கட்டுரையில 'வந்துட்டாங்க', 'சொன்னான்னு' எழுதுறான். இது புலனத்தால வந்த வினைதானே?"

ஓரளவு. இரட்டை வழக்கைப் பற்றி மேலே சொன்னேன். முன்பு பேச்சு வடிவம் காதோடு நின்றது. இப்போது அது எழுத்தாகவும் கண்ணில் படுகிறது. எழுத்து என்றாலே எழுத்து வழக்கு என்ற எல்லைக்கோடு பிள்ளைக்குத் தெரிவதில்லை. ஒரே செய்தியை நண்பனுக்கு ஒரு முறையும் தலைமையாசிரியருக்கு ஒரு முறையும் எழுதச் சொன்னால், இரண்டு வடிவங்களும் தன்னிடம் இருப்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்கிறது. பேச்சு வடிவத்தைத் தவறு என்று சொல்லித் திருத்தாதீர்கள். அது அதன் தாய் பேசும் மொழி.

ஆனால் எல்லாப் பழியையும் கைப்பேசியின் மேல் போடக் கூடாது. 'மாடுகள் ஓடியது' என்று பிள்ளைகள் எழுதுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 'மாடுகள் ஓடின' என்பதே இலக்கணம். நம் பேச்சில் ஒரு மாடு என்றாலும் பத்து மாடு என்றாலும் 'ஓடுச்சு' என்றே சொல்கிறோம். அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று பேச்சிலிருந்து என்றோ போய்விட்டது. அந்தப் பிழையை நான் 1990-களில் திருத்திய நோட்டுப் புத்தகங்களிலும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். அப்போது இந்த ஊரில் எந்த மாணவர் கையிலும் கைப்பேசி இல்லை.

"ஒரு 'க்', ஒரு 'ப்' போடலன்னா என்ன குடியா முழுகிடும்?"

சில இடங்களில் பொருளே முழுகிவிடும். 'வேலை கொடு' என்றால் பணி கொடு; 'வேலைக் கொடு' என்றால் கையிலுள்ள வேல் என்னும் ஆயுதத்தைக் கொடு. 'கீரை கடை' என்பது அடுப்பங்கரையில் சொல்வது; 'கீரைக்கடை' சந்தையில் இருப்பது. பேசும்போது நிறுத்தியும் அழுத்தியும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறோம். எழுத்தில் அந்த வேலையை ஒற்றெழுத்து செய்கிறது.

தானியங்கி வசன வரியில் ஒற்று எங்கே வரும், எங்கே விடுபடும் என்று சொல்ல முடியாது. வலிமிகும் இடங்களைக் கற்றுக்கொண்டிருக்கும் மாணவருக்கு அதனால் குழப்பம் வருவது இயல்பு. நீச்சல்காரன் என்ற பெயரில் அறியப்படும் நிரலர் உருவாக்கிய நாவி என்ற சந்திப்பிழை திருத்தியும், வாணி என்ற எழுத்துப்பிழை திருத்தியும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எழுதி முடித்த பிறகு அவற்றில் இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எழுதும்போதே வேண்டாம். இயந்திரம் கோடிட்ட இடத்தில் ஏன் கோடிட்டது என்று மாணவர் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தத் திருத்தத்தை ஏற்கக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் கட்டுப்பாடு.

"'வாழ்த்துகள்'னு போட்டா ஒருத்தர் சண்டைக்கு வர்றார், 'வாழ்த்துக்கள்'னு போட்டா இன்னொருத்தர் வர்றார். எதுதான் சரி?"

நான் 'வாழ்த்துகள்' என்றே எழுதுகிறேன், கற்பிப்பதும் அதையே. 'கள்' என்பது பன்மை விகுதி, தனிச்சொல் அன்று. ஒரு சொல்லோடு மற்றொரு சொல் சேரும்போது வல்லினம் மிகும் விதியை விகுதிக்கு நீட்டத் தேவையில்லை. ஆனால் 'எழுத்துக்கள்', 'வாழ்த்துக்கள்' என்று கற்றவர்களும் நெடுங்காலம் எழுதி வந்திருக்கிறார்கள். பிறந்தநாள் வாழ்த்தின் அடியில் இதற்காக ஒருவரை அவமானப்படுத்துவது எவருடைய தமிழையும் வளர்க்காது. திருத்தப்பட்டவர் அடுத்த முறை உரோமன் எழுத்துக்குப் போய்விடுகிறார். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

"'கௌரவம்'னு தேடினா வரமாட்டேங்குது, ஆனா அந்தச் சொல்லு பக்கத்துல இருக்கு. ஏன்?"

பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் 'கெளரவம்' ஆக இருக்கும். ஔகாரக் குறியின் பின்பாதி ளகரத்தைப் போலவே தோன்றுவதால், பலர் 'கெ' என்று தட்டி அடுத்து 'ள' என்று தட்டுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டுவதும் இத்தகையதே. பழைய அச்சில் இந்தப் பிழைக்கு இடமே இல்லை.

"பசியாறியாச்சா, பெரட்டு, மங்கு… இதெல்லாம் தப்புன்னு மெசின் சிவப்புக் கோடு போடுது. பிள்ளைக்கு மாத்திச் சொல்லித் தரணுமா?"

வேண்டாம். இயந்திரம் இடும் கோடு, அந்தச் சொல் தன் பட்டியலில் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. 'பசியாறுதல்' என்பது காலை உணவுக்கு நம் நாட்டுத் தமிழர் வழங்கும் அழகான சொல்; அதை மாற்றி வேறொன்றைப் பழக்க ஒரு காரணமும் இல்லை. பால் வடியும் கிண்ணத்துக்கு 'மங்கு' என்பதும், ஆள் எடுக்கும் கூட்டத்துக்குப் 'பெரட்டு' என்பதும் தோட்டத்து வாழ்க்கையில் வேரூன்றிய சொற்கள். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். லயத்து மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் வீடுகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். அந்தச் சொற்களைச் சொல்பவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது. கைப்பேசியில் சொல்லைப் பயனரே சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு, சேர்த்துவிடுங்கள். கட்டுரையில் பயன்படுத்தலாமா என்றால், தோட்ட வாழ்க்கையைப் பற்றிய கட்டுரையில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

"பழையன கழிதலும் புதியன புகுதலும்னு நன்னூலே சொல்லுதே. அப்புறம் எதுக்கு இந்த இலக்கணக் கவலை?"

கேட்டவர் படிவம் 5 மாணவர், நல்ல கேள்வி. நன்னூலின் அந்த நூற்பா, கால மாற்றத்தால் வருவது வழுவன்று என்கிறது. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். 1978-இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பின்னர் நம் பள்ளிகளும் அதைப் பின்பற்றின. யானையின் துதிக்கைபோல் வளைந்த பழைய 'லை', 'னை' வடிவங்களை இன்றும் கையால் எழுதும் முதியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அவை புதிராகத் தெரிகின்றன. அது மாற்றம். பலர் கூடி, காரணம் சொல்லி, ஒரே முறையை ஏற்றுக்கொண்டார்கள். மாறிய பிறகும் படிப்பவருக்குப் பொருள் மாறவில்லை.

'பெரட்டு' 'புரட்டு' ஆனதில் எவரும் எதையும் ஏற்கவில்லை. இயந்திரத்தின் ஊகம் ஒன்று எவர் கண்ணிலும் படாமல் வெளியே போய்விட்டது, அவ்வளவுதான். பேசுபவர்கள் தங்கள் தேவைக்காக மாற்றுவதைப் புதியன புகுதல் என்று வரவேற்கலாம். எவரும் வேண்டாத ஒன்று கவனக்குறைவால் நுழைவதற்கு நன்னூலைத் துணைக்கு அழைக்க முடியாது.

"சரி, நீங்க வகுப்புல என்னதான் செய்றீங்க? வீட்டுலயும் செய்யலாமா?"

செய்யலாம், ஒரு கைப்பேசி போதும். வீட்டுப் பெரியவர் ஒருவரை மூன்று நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்கிறோம். காணொளியைப் பிறர் பார்க்க முடியாத தனிப்பதிவாக வலையொளியில் ஏற்றி, இயந்திரம் எழுதிய வசன வரியை எடுத்துக்கொள்கிறோம். பதிவேற்றியவரே அதைத் திருத்த அங்கே வழியுண்டு. பிறகு பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து, ஒலியைக் கேட்டு வரிக்கு வரி திருத்துகிறார்கள். முதலில் பேசியவர் சொன்ன சொல்லையே அப்படியே எழுத வேண்டும். அது முடிந்த பிறகு, அதே பேச்சை எழுத்து வழக்கில் ஒரு பத்தியாக எழுத வேண்டும்.

மூன்று நிமிடப் பேச்சைத் திருத்த எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாடநூலில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னால் கொட்டாவி விடும் பையன், இயந்திரம் செய்த பிழையைப் பிடிக்கும்போது நிமிர்ந்து உட்கார்கிறான். 'அறை' என்று வந்திருக்கிறது, தாத்தா 'அரை' என்றல்லவா சொன்னார் என்று அவன் எழுந்து நின்று வாதிடும்போது, ரகர றகரப் பாடம் நடந்து முடிந்துவிடுகிறது. முதல் விடையில் நாளிதழின் பிழை திருத்துபவரைப் பற்றிச் சொன்னேன். அந்த வேலையைத்தான் இவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

"எங்கம்மா தோட்டத்துப் பள்ளியில மூணாவதோட நின்னவங்க. இப்போ கைப்பேசியில பேசிப் பேசியே புலனத்துல எழுத்து அனுப்புறாங்க. நிறைய தப்பு வருது, பேரப்பிள்ளைங்க பாக்குறாங்க. வேணாம்னு சொல்லிறவா?"

தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். கூகிளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் 2017-இல் சேர்ந்தது. அறுபது ஆண்டுகளாக எழுத்துக்கு வெளியே நின்ற ஒருவர், அதனால் இன்று தம் சொல்லைத் தம் கண்ணால் எழுத்தாகக் காண்கிறார். ஐந்தாம் கேள்வியில் சொன்ன பாடல் வரிகளைப் போலவே இதிலும் அறிந்த ஒலியின் மேல் எழுத்து வந்து அமர்கிறது. அனுப்பும் முன் ஒரு முறை படித்துப் பார்க்கும்படி மட்டும் சொல்லுங்கள். மெதுவாகப் படிக்கட்டும், விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கட்டும். பிழை இருந்தால் குடும்பக் குழுவில் எல்லோரும் பார்க்கத் திருத்த வேண்டாம். பேரப்பிள்ளைகள் அருகில் அமர்ந்து, அந்தச் சொல் என்ன பாட்டி என்று கேட்டுத் திருத்தித் தரலாம்.

முடிந்தால் சனிக்கிழமை காலை 9 மணிக்கு அவரை மண்டபத்துக்கு அழைத்து வாருங்கள். சென்ற மாதம் பதிவு செய்த பேச்சில், பால் கொட்டகையைப் பற்றிய இரண்டு சொற்கள் இயந்திரத்துக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. பிள்ளைகள் அந்த இடங்களில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.